யாழ்ப்பாணத்தில் செயற்கைச் செடிகள்: ஓர் அலங்காரச் சேவை பற்றிய மதிப்பீடு

கணக்காய்வுப் பணி நடைபெறும் எங்கள் அலுவலகத்தை, யாழ்ப்பாண நகர மையத்தில் இயங்கும் ஓர் அலங்காரக் கடையின் மூலம் செயற்கைச் செடிகளால் அழகுபடுத்தி ஓர் ஆண்டுக்கு மேலாகிறது. இத்தகைய பொருளை வாங்கிய வாரத்திலேயே மதிப்பிடுவதில் பயன் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த நாளில் எல்லாச் செடியும் பச்சையாகத்தான் இருக்கும். ஒரு சோளகக் காற்றையும் ஒரு மாரி மழையையும் கண்ட பின்னர்தான் எது நின்றது, எது வெளிறியது, எது தூசி படிந்து நிறம் தெரியாமல் போனது என்பது தெரியவரும். கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே பொருளை இதே வாக்குறுதிகளோடு விற்கும் கடைகள் நகரில் இன்னும் பல இருப்பதால், வாங்க நினைப்பவருக்குப் பெயரைவிடப் பொருளையும் வேலையையும் பற்றிய விவரமே உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிரூட்டிய வரவேற்பறையின் சுவரிலும், யன்னல் இல்லாத உள்நடையிலும் அவர்கள் செய்த வேலை கொடுத்த காசுக்குத் தகுதியானது. மேற்குப் பார்த்த விறாந்தைக்கென்று அவர்கள் விற்ற செடிகளோ ஓராண்டு முடியும் முன்னரே பார்வைக்கு உதவாமற் போய்விட்டன. கடை ஒன்று, வேலை செய்தவர்கள் அதே ஆட்கள், சரக்கும் பெரும்பாலும் ஒரே இறக்குமதிச் சரக்கு. வேறுபட்டது இடம் மட்டுமே. ஆகவே செயற்கைச் செடி வாங்கப் போகிறவர், எந்தச் செடி அழகானது என்று பார்ப்பதற்கு முன்னர், அது நிற்கப்போகும் இடத்தில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, தெருத்தூசி எவ்வளவு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உயிருள்ள செடிகளை ஏன் வைக்கவில்லை என்று எங்களிடம் வரும் வாடிக்கையாளர்கள் பலர் கேட்கிறார்கள். நல்லூரிலும் கோண்டாவிலிலும் முற்றம் நிறையக் குறோட்டனும் செவ்வரத்தையும் வளர்ப்பவர்களுக்கு பிளாஸ்ரிக் இலை ஒரு குறைபாடாகவே தோன்றும், அதில் தவறில்லை. ஆனால் மாடியில் இருக்கும் ஓர் அலுவலகத்தின் நிலைமை வேறு. பகல் முழுவதும் குளிரூட்டி ஓடுகிறது. மாலையில் அதை நிறுத்திக் கதவைப் பூட்டியதும் கொங்கிறீற்றுக் கூரை பகலில் வாங்கிய சூடு முழுவதும் அறைக்குள் இறங்குகிறது. சனி, ஞாயிறு, அதனோடு ஒரு போயா விடுமுறையும் சேர்ந்து வந்தால் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. மருளும் மணிப்பிளான்றும் இந்த வாழ்க்கையை ஓரளவு தாங்கும். யன்னலே இல்லாத உள்நடையில் அவையும் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும்.

இதைவிட வலுவான காரணம் நுளம்பு. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டுகிறது. டெங்குக் காய்ச்சலும் அந்த மாதங்களில்தான் தலைதூக்குகிறது. டெங்கு நுளம்பின் முட்டை முழு நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். பூச்சாடியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரும், மணிப்பிளான்ற் நிற்கும் போத்தல் தண்ணீரும் அதற்குத் தாராளம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ், தமது வளவில் நுளம்பு பெருக இடமளிப்பவர் மீது வழக்குத் தொடரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அலுவலகங்களுக்கும் வருகிறார்கள். வாரந்தோறும் ஒவ்வொரு தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ ஒருவரை நியமிக்க முடியாத இடத்தில் ஈரமே இல்லாத செடி என்பது நியாயமான தெரிவுதான்.

பிளாஸ்ரிக் வைப்பதால் காற்றுச் சுத்தமாகும் வாய்ப்பை இழக்கிறோமே என்ற கவலை வேண்டியதில்லை. உட்புறச் செடிகள் காற்றிலுள்ள நச்சு ஆவிகளை அகற்றும் என்ற எண்ணம் நாசா 1989இல் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவியது. அந்த ஆய்வு காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டபோது, ஒரு சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்தின் பலனைச் செடிகளால் பெறுவதற்கு ஒரு சதுர மீற்றருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கண்டார்கள். அத்தனை செடி வைத்தால் கதிரை போட இடமிராது. யன்னலைத் திறந்து வைப்பதே போதும்.

கடைக்கு வருவோம். கீழ்த்தளத்தில் கல்யாண வீட்டுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்குமான மணவறைச் சோடனைப் பொருட்கள். மேல்தளத்தில் வீட்டுக்கும் அலுவலகத்துக்குமான செடிகள். சரக்கு சீனாவிலிருந்து கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் கைமாறி லொறியில் வடக்கே வருகிறது. பிளாஸ்ரிக் பூவின் கதையே கிழக்காசியாவின் கதைதான்: ஹொங்கொங்கின் பெருஞ்செல்வரான லீ கா-ஷிங் 1950இல் ஒரு சிறிய பிளாஸ்ரிக் தொழிற்சாலையைத் தொடங்கி, பிளாஸ்ரிக் பூக்களை ஏற்றுமதி செய்துதான் தமது முதற் செல்வத்தைத் திரட்டினார். இப்போது அந்தக் கைத்தொழில் சீனப் பெருநிலத்தில் பரந்து கிடக்கிறது. மேல்தளத்தில் நின்றவற்றில் பெரும்பாலானவை அரேக்கா பாம், மொன்ஸ்ரெரா, மூங்கில், பைக்கஸ் ஆகியவற்றின் போலிகள். பனையும் தென்னையும் தெருவெங்கும் நிற்கும் ஊரில், சீனாவிலிருந்து வந்த பிளாஸ்ரிக் பாம் ஒன்றுக்குப் பதினையாயிரம் ரூபாய் விலை கேட்கப்படுவதை எண்ணிச் சிரிக்காமல் இருப்பது கடினம்.

விற்பனையாளர்கள் பணிவானவர்கள், பொறுமையானவர்கள். ஆனால் தாம் விற்பது எந்தப் பொருளால் ஆனது என்பது அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. வாங்குபவர் தாமே கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வார்த்தெடுத்த பொலியெத்திலீன் இலை தடிப்பாக, சற்று மெழுகுத்தன்மையோடு இருக்கும். மடித்துவிட்டால் தன் வடிவத்துக்குத் திரும்பும். நிறம் பொருளோடு கலந்திருப்பதால் நகத்தால் சுரண்டினாலும் உள்ளே அதே பச்சை தெரியும். பட்டுச் செடி என்று சொல்லி விற்கப்படுவது பொலியெஸ்ரர் துணியில் அச்சிட்ட இலை. தூரத்திலிருந்து பார்க்க இதுதான் மிக இயல்பாகத் தோன்றும். ஆனால் நெசவின் ஓரத்தில் நூல் பிரியும், ஈரம் பட்டால் மலிவான சாயம் கசியும், பின்புறத்து நரம்பை ஒட்டியிருக்கும் பசை சித்திரை வெயிலில் இளகும். ‘ரியல் ரச்’ என்று கடைகளில் கூறப்படும் வகை, பொலியூரித்தேன் பூசப்பட்டது. உயிருள்ள இலையைத் தொடுவது போன்ற குளிர்ச்சியைத் தரும் இப்பூச்சு, சூடும் ஈரப்பதமும் நீடிக்கும் இடத்தில் காலப்போக்கில் பிசுபிசுத்துத் தூசியை இறுகப் பிடித்துக்கொள்ளும். விலை கூடியது இதுவே என்பதால் விற்பனையாளர் முதலில் கைகாட்டுவதும் இதைத்தான். யாழ்ப்பாணத்தில், இருபத்து நான்கு மணி நேரமும் குளிரூட்டி ஓடாத எந்த இடத்துக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும் முன்னர் மூக்கையும் பயன்படுத்த வேண்டும். பெட்டியைத் திறந்ததும் கடுமையான மணம் வீசினால், அது பெரும்பாலும் மலிந்த பி.வி.சி. கலவையாக இருக்கும், சிறிய அறையில் அம்மணம் வாரக்கணக்கில் நிற்கும்.

வரவேற்பறையின் பச்சைச் சுவரே இந்தச் சேவையின் சிறந்த பகுதி. கடைக்காரர் ஒரு பணியாளரோடு வந்து சுவரை அளந்து, ஆளி, மின் இணைப்பு, குளிரூட்டியின் காற்று வாய் ஆகியவை எங்கெங்கே இருக்கின்றன என்று தாளில் வரைந்துகொண்டு சென்றார். இந்தச் சுவர்கள் 50 சென்ரிமீற்றர் சதுரமான தட்டுகளாக வருகின்றன. மூன்று மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் உயரமும் கொண்ட எங்கள் சுவருக்கு 30 தட்டுகள் போதும். விலைக்கூற்றில் 36 எழுதப்பட்டிருந்தது. மேலதிகமான ஆறு எதற்கு என்று கேட்டபோது, ஓரங்களிலும் ஆளியைச் சுற்றியும் வெட்டும்போது வீணாகும் என்றார்கள். வேலை முடிந்தபின் நான்கு தட்டுகள் மிஞ்சின. அவற்றைத் திருப்பி எடுத்துக் காசைக் கழிக்க அவர்கள் முன்வரவில்லை. ஆயினும் மிகுதியை வாங்கி உள்ளே வைத்திருப்பது வாங்குபவருக்கு நல்லதுதான். ஒரு தொகுதியின் பச்சையும் அடுத்த தொகுதியின் பச்சையும் ஒன்றாக இருப்பதில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு தட்டை மாற்ற நேர்ந்தால், புதிதாக வாங்கியது சுவரில் ஒட்டுப்போட்டது போலத் தனியே தெரியும். எத்தனை மிஞ்சும், மிஞ்சியது யாருக்கு என்பதை விலைக்கூற்றிலேயே எழுதச் செய்வது அவசியம்.

பொருத்திய முறை பாராட்டத்தக்கது. சுவரில் நேரடியாக ஆணி அறையாமல், முதலில் பலகைச் சட்டம் அடித்து, அதன் மேல் தட்டுகளைப் பிளாஸ்ரிக் கட்டுநாடாவால் இணைத்தார்கள். எல்லாத் தட்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், வரிசையாக அடுக்கினால் ஒரே கொத்து ஐம்பது சென்ரிமீற்றருக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வந்து கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். இவர்களுடைய மூத்த பணியாளர் ஒவ்வொரு தட்டையும் கால் திருப்புத் திருப்பி வைத்தார். மூட்டுகளின் மேல் தனியாக வாங்கிய பன்னக் கொத்துகளையும் படர்கொடிகளையும் செருகினார். சில இலைகளைக் கையால் முறுக்கிக் கீழ்நோக்கித் தொங்கவிட்டார். கத்தரிக்கோலும் கையுமாக அரை நாள் அவர் அங்கே நின்றதுதான் அந்தச் சுவரின் அழகு. இந்த வேலையைச் செய்யாமல் தட்டுகளை மட்டும் ஒட்டிவிட்டுப் போகும் கடைகளின் சுவர்களை நகரிலுள்ள பல வரவேற்பறைகளில் காணலாம்; அவை சுவரில் விரித்த பச்சைக் கம்பளம் போலவே தோன்றுகின்றன.

ஆளியைச் சுற்றி ஓர் அடி இடைவெளி விடும்படி நாங்கள் கேட்டுக்கொண்டோம். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. இலைகள் ஆளிவரை நெருங்கி வந்தால்தான் அழகு என்றார். பொலியெத்திலீன் தீப்பற்றினால் உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே எரியும். விழும் துளியும் எரியும். தீத்தடுப்புச் சேர்க்கை கலந்த தட்டுகள் உலகச் சந்தையில் கிடைக்கின்றன. இந்தக் கடையிலோ அத்தகைய சான்றோடு எதுவும் இருக்கவில்லை. அப்படியிருக்க, மின் இணைப்பை இலைகளால் மூடுவதை எந்த அலுவலகமும் ஏற்கக் கூடாது.

உள்நடை பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வெயிலும் இல்லை, தூசியும் குறைவு. வைத்த மூங்கிலும் மொன்ஸ்ரெராவும் வைத்தபடியே நிற்கின்றன. ஒரு குறிப்பு மட்டும்: அங்கே முன்பு 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. மின்குமிழ்கள் இருந்தன. அந்த நீலச் சாயல் வெளிச்சத்தில் எந்தப் பிளாஸ்ரிக் பச்சையும் பிளாஸ்ரிக்காகவே தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் ஒளிக்கு மாற்றியதும் அதே செடிகள் பாதி உண்மையாகிவிட்டன. மின்குமிழை மாற்றும் செலவு ஒரு சிறிய செடியின் விலையைவிடக் குறைவு. எந்த விற்பனையாளரும் இதைச் சொல்வதில்லை.

விறாந்தையில்தான் இந்தக் கடையோடு எங்களுக்கு மனத்தாங்கல் ஏற்பட்டது. மேற்குப் பார்த்த இடம், பிற்பகல் ஒரு மணி தொடக்கம் பொழுது சாயும்வரை வெயில் நேராக விழும் என்பதை அவர்களுக்குக் காட்டியே கேட்டோம். “வெயிலுக்குள்ளையும் வைக்கலாம் ஐயா, ஒண்டும் செய்யாது” என்றார் கடைக்காரர். புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகை என்று வாயால் சொன்னதை அவர் சிட்டையில் எழுதவில்லை. பச்சை நிறத்தில் இருக்கும் மஞ்சட் சாயம் முதலில் அழிந்து, இலைகள் நீலம் பாரித்து வெளிறத் தொடங்கின. பின்னர் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியது போல மங்கி, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்ரிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைத் துண்டாக்குவதால் நேர்வது இது. வார்க்கும்போதே பாதுகாப்புச் சேர்க்கை கலக்கப்பட்ட இலைகள் பல ஆண்டு தாங்கும். மேலே தெளித்த பூச்சு சில மாதத்தில் போய்விடும். இரண்டும் கடையில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், எழுத்தில் கிடைக்கும் உத்தரவாதம் ஒன்றே வாங்குபவருக்குப் பிடிமானம். தண்டுக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடித்து, மாரியில் அடித்த சாரலோடு துருநீர் வழிந்து தரை ஓட்டில் கறை படிந்தது. கடல்நீரேரியை நோக்கித் திறந்த நகரத்தில் உப்புக் காற்றுக்குத் தப்பும் மெல்லிய இரும்புக் கம்பி கிடையாது.

முறையிட்டபோது, இயற்கையான தேய்மானத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்ற பதில் வந்தது. சிலகாலம் கடந்து, பாதி விலைக்கு வேறு செடி தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டோம்.

அதே விறாந்தைக்குச் செயற்கைப் புல்விரிப்பும் போடும்படி வற்புறுத்தினார்கள். சதுர அடிக் கணக்கில் விற்கப்படும் இந்த விரிப்பு, 10 மில்லிமீற்றர் உயரப் புல்லிலிருந்து 35 மில்லிமீற்றர் வரை பல தரங்களில் வருகிறது. உயரம் கூடக் கூட விலையும் கூடும். நேர்வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகக் கூடியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் பழக்கம் உள்ள ஊரில் அது எத்தகைய வரவேற்பாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்து வேண்டாமென்றோம். நிழலான உட்கூடத்தில் போட்டால் குறையில்லை.

இனித் தூசி. செயற்கைச் செடிக்குப் பராமரிப்பே தேவையில்லை என்பது இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய பொய். சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் தூசியும் பிரதான வீதியின் வாகனப் புகையும் சேர்ந்து, கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே வருகின்றன. உயிருள்ள இலையில் படியும் தூசியை மழை கழுவும், பழைய இலை உதிர்ந்து புதிய இலை வரும். பிளாஸ்ரிக் இலைக்கு இந்த இரண்டும் கிடையாது. ஒரு மாதம் கவனிக்காமல் விட்ட செயற்கைச் செடி, அலுவலகத்தையே கவனிப்பாரற்ற இடமாகக் காட்டிவிடும். தும்புத்தடியால் தட்டுவது தூசியை இடம் மாற்றுவதற்கு மட்டுமே உதவும். சுவருக்கு வர்ணம் பூசும் அகலமான மென்தூரிகையால் மேலிருந்து கீழாக வருடி, விழும் தூசியை உறிஞ்சியால் எடுத்துவிடுவதே சரியான முறை. சாடியில் நிற்பவற்றைப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட தண்ணீரில் துடைக்கலாம். துணி இலையை நனைக்கவே கூடாது.

தண்ணீர் விடயத்தில் யாழ்ப்பாணத்துக்கென்று தனியான ஓர் இடைஞ்சல் உண்டு. குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் என்பதால் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு, கழுவிக் காயவிட்ட இலைகளிலும் புள்ளி புள்ளியாகப் படிகிறது. கடும் பச்சை இலையில் அது தூசியைவிட மோசமாகத் தெரியும். கடையின் பணியாளர்கள் முதன்முறை சுத்தம் செய்ய வந்தபோது கட்டடத்துக் குழாய்நீரைத் தெளித்துவிட்டு அப்படியே காயவிட்டதால், மறுநாள் சுவர் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். வினாகிரியை நீர்த்துத் துடைத்தபின் அவை போயின. மழைநீரைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். இல்லையெனில் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து சுத்தம் செய்வதாக ஓர் ஆண்டு ஒப்பந்தமும் அவர்கள் தருகிறார்கள். எங்களுக்கு அதன் கட்டணம் 18,000 ரூபாய். தொலைபேசியில் நினைவூட்டாமல் அவர்களாக வந்ததில்லை. வந்தால் வேலை ஓரளவு நன்றாக இருக்கும். மூன்று மாத இடைவெளி என்பது குளிரூட்டிய அறைக்கே நீண்டது. வீதியோரக் கடைகளுக்கு அது பயன்படாது. எங்கள் அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மேலதிகமாக ஒரு தொகை கொடுத்து, இரு வாரத்துக்கு ஒரு முறை தூரிகை வேலையை அவரிடம் ஒப்படைத்தபின் சுவர் இப்போது நன்றாக இருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

செடியோடு வரும் சாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய செடிகள் எல்லாம் சிமெந்து நிரப்பிய சிறிய கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியில் வருகின்றன. ஐந்து அடிச் செடிக்கு அந்த அடிப்பாகம் போதாது, கதவு அடித்த காற்றில் சாய்ந்துவிடும். கடை வெள்ளை நிறப் பளபளப்புச் சாடிகளை மிகையான விலைக்குப் பரிந்துரைத்தது. நாங்கள் பனையோலைக் கடகங்களை வாங்கி, அடியில் செங்கல் வைத்து, கறுப்புச் சாடியை உள்ளே இறக்கி, மேலே தென்னந்தும்பைப் பரப்பினோம். வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் விசாரிப்பதும் அந்தக் கடகங்களைத்தான். ஒரு கடகத்தின் விலை கடைச் சாடியின் விலையில் சிறு பங்கு, பின்னியவருக்கும் வருமானம்.

விழாக்காலச் சோடனைக்கும் இதே கடை பொருள் தருகிறது. வாசலில் கட்டும் பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம், நிறைகுடத்தில் செருகும் பிளாஸ்ரிக் மாவிலைக் கொத்து, மணவறைக்கு வாழைக்குலை முதற்கொண்டு எல்லாம் உண்டு. கடையின் பிரிவுகளில் எனக்கு உடன்பாடில்லாதது இதுதான். மாமரம் இல்லாத வளவைக் காண்பதே அரிதான ஊரில் பொங்கலுக்கும் புதுவருடத்துக்கும் ஒரு கொத்து மாவிலை கேட்டால் பக்கத்து வீட்டார் மறுப்பதில்லை. குத்துவிளக்கின் சுடருக்கு ஒரு சாண் தூரத்தில் பிளாஸ்ரிக் இலையை வைப்பது ஆபத்தும்கூட. இலங்கையில் 2023 ஒக்ரோபர் 1ஆம் திகதி முதல், உறிஞ்சுகுழல், பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு ஆகியவற்றோடு பிளாஸ்ரிக் பூமாலைகளின் உற்பத்தியும் விற்பனையும் தடை செய்யப்பட்டுள்ளன. சாடிச் செடிகளும் சுவர்த் தட்டுகளும் அந்தத் தடையில் வரவில்லை. ஆனாலும் மாலையைத் தடைசெய்யத் தூண்டிய காரணம் இவற்றுக்கும் பொருந்தும். பிளாஸ்ரிக், துணி, கம்பி, பசை, சிமெந்து எல்லாம் பிரிக்க முடியாதபடி கலந்த பொருளை மீள்சுழற்சிக்கு யாரும் எடுப்பதில்லை. குறைவாக வாங்கி நீண்ட காலம் வைத்திருக்க முடியாதவர் வாங்காமல் விடுவதே மேல்.

வீட்டுக்கென்று கேட்பவர்களுக்கு: படிக்கட்டின் திருப்பம், விருந்தினர் அறையின் இருண்ட மூலை, குளியலறையின் உயரத் தட்டு ஆகிய இடங்களில் ஒரு நல்ல பொலியெத்திலீன் செடி பொருந்தும். குசினியில் வேண்டாம், தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து இலையில் படியும் பிசுக்கு எதற்கும் போகாது. சாமியறைக்கும் வேண்டாம். முற்றத்துக்கும் விறாந்தைக்கும் உயிருள்ள செடி இருக்க, காசு கொடுத்துப் போலியை வாங்குவதற்குக் காரணமே இல்லை.

விலைகளைப் பொறுத்தவரை, எங்களிடம் ஒரு சுவர்த் தட்டுக்கு 2,200 ரூபாய் வாங்கினார்கள். பலகைச் சட்டம், கொடிகள், கூலி ஆகியன 28,000 ரூபாய். மேசைமேல் வைக்கும் சிறு செடிகள் ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேயும் சற்று மேலேயும் இருந்தன. புறக்கோட்டையில் இதே தட்டு குறைந்த விலைக்குக் கிடைக்கும்தான். லொறிக் கூலியையும், உடைந்து வந்தால் திருப்பிக் கொடுக்க முடியாமையையும், பொருத்துவதற்கு ஆள் தேடும் அலைச்சலையும் சேர்த்தால் வித்தியாசம் பெரிதாக இராது. பெறுமதி சேர் வரி விலைக்கூற்றில் அடங்கியதா, பின்னர் சேர்க்கப்படுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். 18 சதவீதம் என்பது சிறிய தொகை அன்று. முற்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. நாங்கள் மூன்றிலொரு பங்கு கொடுத்து, வேலை முடிந்தபின் மிகுதியைச் செலுத்தினோம், அவர்களும் மறுப்புச் சொல்லவில்லை.

உட்புறச் சுவர் வேலைக்கு இவர்களிடமே மீண்டும் போவேன். அந்த மூத்த பணியாளர் வருவாரா என்று கேட்டுவிட்டுத்தான் போவேன். வெளிப்புறத்துக்கென்று இவர்களிடம் எதையும் வாங்க மாட்டேன். விறாந்தையில் இப்போது சிமெந்துச் சாடிகளில் மருளும் குறோட்டனும் நிற்கின்றன. அடித்தட்டுகளை எடுத்துவிட்டு, வடியும் தண்ணீர் நேரே வாய்க்காலில் விழும்படி சாடிகளைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.